வீணையும் ஒலிவாங்கியும்

தென்னாட்டிலிருந்து புகைவண்டியேறித் தலைநகருக்கு வந்த பொருள்களுள் வீணையும் ஒன்று. கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் நம்மவர் இல்லங்களில் உறையிட்டு வைத்த வீணையைக் காண்பது அரிதன்று. அதனை எடுத்து மீட்டும் எவரும் ஒன்றை உணர்வர். மென்மையாகத் தீண்டினால் ஒரு குரல். அழுத்தி மீட்டினால் வேறொரு குரல். பின்னது முன்னதன் உரத்த வடிவமன்று. அதன் இயல்பே வேறு. இவ்வேற்றுமை எங்கிருந்து பிறக்கிறது, வானொலி வந்தபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இன்று வழங்கும் 24 மெட்டு வீணை, 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பது மரபு. குடமும் தண்டியும் பலா மரத்தால் ஆனவை. ஆனால் தந்தி குதிரையின்மேல் செல்லுமிடத்தில்தான் நுட்பம் இருக்கிறது. மேனாட்டுக் கிதாரில் தந்தி மெல்லிய விளிம்பொன்றின்மேல் தங்கும். வீணையிலோ, சற்றே வளைந்த அகன்ற உலோகத் தகட்டின்மேல் படிந்து செல்லும். அதிரும்போது தகட்டைத் தொட்டும் விட்டும் ஆடும். மீட்டின் வலிமை மாறினால் இத்தொடுகை மாறும். ஒலியில் கலக்கும் மேற்சுரங்களின் அளவும் மாறும். கல்கத்தாவில் ஆய்வு நடத்திவந்த சி. வி. இராமன் 1921-இல் இதனை ஆராய்ந்து எழுதினார். தந்தியைக் குறித்த ஓரிடத்தில் மீட்டினால் சில மேற்சுரங்கள் எழலாகா என்பது ஐரோப்பிய அறிஞர் வகுத்த விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை தெளிவாக எழக் கண்டார் இராமன். நம் தச்சர்கள் விதியை அறியாமலே அதனை மீறியிருந்தனர்!

வலிந்து மீட்டுவதில் கேடும் உண்டு. தந்தி அகன்று ஆடுவதால் அதன் இழுவிசை கூடும். சுரம் தொடக்கத்தில் சற்றே உயர்ந்து, பின்னரே தன் நிலைக்கு இறங்கும். நகத்தின் உரசலும் முன்வந்து நிற்கும். வீணை தனம்மாள் (1867–1938) மென்மையையே போற்றியவர். சென்னை ஜார்ஜ் டவுன் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிக்கும்போது கேட்போர் அசையாது அமர்ந்திருப்பர் என்பர். அத்தகைய நாதம் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையை எட்டாது. மிருதங்கம் சேர்ந்தால் அமுங்கியே போகும்.

இந்நிலையை மாற்றியது ஒலிவாங்கி. நிலையத்தின் அமைதியில் அதனை வீணைக்கு அருகிலும் மிருதங்கத்துக்குத் தொலைவிலும் வைத்தால், மெல்லிய மீட்டும் ஆயிரம் கல் கடந்து கேட்கும். டில்லி வானொலியில் 1952-இல் தொடங்கிய வாத்திய விருந்தா என்னும் கூட்டிசைக் குழுவைப் பண்டித இரவிசங்கரும் நம் டி. கே. ஜெயராம ஐயரும் நடத்தினர். பின்னாளில் அதனை நடத்தியவர்களுள் ஒருவர் ஆந்திர வைணிகர் ஈமனி சங்கர சாஸ்திரி (1922–1987). ஒரே மீட்டில் எழுந்த நாதத்தை, தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களாக நீட்டுவது அவர் வழி. தேய்ந்துகொண்டிருக்கும் ஒலியின் கடைசித் துளியும் கேட்கும் என்ற உறுதி இருந்தாலன்றி அவ்வாறு வாசிக்க எவரும் துணியார். அவ்வுறுதியை அளித்தது ஒலிவாங்கியே.

வீணையின் உடலிலேயே பொருத்தும் ஒலிவாங்கி பிறகு பரவிற்று. அதில் நமக்கு முழு மகிழ்ச்சியில்லை. நாதத்தோடு விரல் உரசும் ஓசையும் பெருகுகிறது. பெருக்கியின் துணை உண்டென்று எல்லா மீட்டையும் ஒரே அளவில் மீட்டுவோரும் இருக்கின்றனர். அவர்கள் கையில் வீணைக்கு ஒரு குரலே மிஞ்சுகிறது.

டில்லிவாசிகளுக்கு வேறொரு கவலையும் உண்டு. மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. மே, ஜூன் வெயிலில் மெழுகு இளகும். மெட்டு சிறிது அசைந்தாலும் சுருதி கெடும். தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும். அதைச் சோதிக்க, முதலில் மிக மெல்ல மீட்டிப் பார்க்கலாம். மெல்ல மீட்டும்போதே இரைந்தால் மெட்டு எழும்பியிருக்கக்கூடும். அழுத்தும்போது மட்டும் இரைந்தால் பெரும்பாலும் குறை கையில்தான். மேளம் கட்டத் தெரிந்தவர் இங்கு அரியர். அதற்கெனவே வீணையைத் தெற்கே எடுத்துச் செல்வோரும் உண்டு. அதுவரை, வெயில் தாக்காத உள்ளறையில் அதற்கோர் இடம் ஒதுக்குவது நலம்.