கன்னி மண், தரிசு நிலம்: ஒரு பிழையின் வரலாறு

'சும்மா கெடந்த நெலம்தானே சார், கம்பெனி வந்தா நாலு பேருக்கு வேலை கெடைக்கும்ல?' தேர்வாய் கண்டிகை பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுகிறார். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக அரசு எடுத்தது. 2009-இல் மிஷலின் டயர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. அது எங்கள் மாடு மேய்கிற காடு, எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் இறங்கி வருகிற இடம் என்று ஊர் மக்கள் போராடினார்கள். ஆக, 'சும்மா' என்பது யாருடைய சொல்?

இதே மாவட்டத்தில் இன்னொரு 'சும்மா' உண்டு. அது அறிவியலாளர்கள் சொன்னது. தவறாகச் சொன்னது. ஆனால் நேர்மையாகச் சொன்னது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியல் ஆய்வுத்துறை அலுவலர் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கான முதல் சான்று அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், இன்றைய பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். ஓடைகள் அரித்த கரைகளில் கைக்கோடரிகள் இறைந்து கிடந்தன.

அதே 1863-இல் பிரான்சில் நடந்தது ஒன்று. அபேவில் நகரில் பூஷே தெ பெர்த் ஆதிமனிதனின் எலும்புக்குப் பரிசு அறிவித்திருந்தார். மூலேன் கிஞ்ஞோன் குழியிலிருந்து ஒரு தாடை எலும்பு 'கிடைத்தது'. கூலிக்காரர்கள் கொண்டுவந்து புதைத்தது என்று பிற்பாடு தெரிந்தது. இதைச் சொல்லிவிட்டு வேலைக்காரர்களைத் திட்டுவது அறிவியல் வரலாற்று நூல்களின் வழக்கம். காசை முன்னால் நீட்டிய கனவானைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். அது போகட்டும். அது மோசடி, அதைக் கண்டிப்பது சுலபம். அத்திரம்பாக்கத்துப் பிழை அப்படிப்பட்டது அல்ல.

அங்கே சரளை அடுக்குகளுக்குக் கீழே மெல்லிய படலங்களாகப் படிந்த தடித்த களிமண் அடுக்கு ஒன்று உண்டு. முன்பு ஆய்ந்தவர்கள் அதை ஆவடிப் பாறைத் தொகுதியைச் சேர்ந்த களிப்பாறை என்று கொண்டார்கள். அதாவது கிரெட்டேசியக் காலத்தது, டைனோசர்கள் உலவிய காலம், பத்துக் கோடி ஆண்டுக்கும் முந்தையது. பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அந்தப் பாறை இருப்பதும் உண்மை. அப்புறம் என்ன, மனிதனே இல்லாத காலத்து மண்ணில் மனிதன் செய்த கருவி எப்படி இருக்கும்? 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கே அகழ்ந்தது. கருவிகள் களிமண்ணுக்கு மேலே உள்ளவை என்ற எண்ணமே நீடித்தது.

அகழாய்வில் மனிதச் சுவடற்ற அடி மண்ணைக் 'கன்னி மண்' என்பார்கள். (இச்சொல்லின் ஆண்மனம் தனிக் கட்டுரைக்கு உரியது.) அதைத் தொட்டதும் மண்வெட்டி நிற்கும். ஒரு பெயர் ஒட்டப்பட்டது, தோண்டுதல் நின்றது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவில்லை. அடுக்குக்கு இட்ட பெயரே 'இதற்குக் கீழே கேள்வி இல்லை' என்று சொல்லிவிட்டது.

1999-இல் சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு தலைமையில் மீண்டும் அகழ்வு தொடங்கியது. நிறுத்திய இடத்தில் நிற்காமல் களிமண்ணுக்குள்ளும் இறங்கினார்கள். உள்ளே அச்சூலியக் கைக்கோடரிகள். விலங்குப் பற்களின் புதைபடிவங்களும். மேலிருந்து விழுந்தவை என்று தள்ளிவிட முடியாதபடி அடுக்கின் ஆழம் நெடுகக் கருவிகள். அது கிரெட்டேசியப் பாறையே அல்ல, மனிதர்கள் நடமாடிய காலத்தில் படிந்த வண்டல் என்று 2003-இல் எழுதினார்கள்.

காலம் என்ன? விண்கதிர்கள் படும்போது படிகக்கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு அணுவகைகள் உண்டாகும். கல் ஆழப் புதைந்தால் புதிதாக உண்டாவது நின்றுபோய், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சத்தின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். இதோடு மண்ணில் உறைந்த காந்தத் திசையையும் தனியாகப் பார்த்தார்கள். 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: குறைந்தது பத்து லட்சம் ஆண்டுகள், சராசரியாகப் பதினைந்து லட்சம். இந்தியாவின் மனித வரலாறே பின்னோக்கி நகர்ந்தது. 'மனிதன் இல்லை' என்று எழுதப்பட்ட மண்ணிலிருந்துதான் அது வந்தது.

இந்தத் திருத்தம் எப்படிச் சாத்தியமாயிற்று? தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது பழக்கமான விஷயம்தான். ஏடு எழுதியவன் கை தவறியிருக்கலாம், பதிப்பித்தவர் தவறாகப் படித்திருக்கலாம். உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார், 1907-இல் திருத்தி மறுபடி பதிப்பித்தார். பாடபேதத்தை அடிக்குறிப்பில் வைக்கும் பதிப்பாசிரியர், நான் தவறியிருந்தால் நீ என்னைப் பிடிக்கலாம் என்று வழிவிடுகிறார். ஏட்டையே எரித்துவிட்டு 'இதுவே சுத்தப் பாடம்' என்பவன் சரியாகவே படித்திருந்தாலும் நான் அவனை நம்பமாட்டேன். ஃபூட் தன் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற பட்டியல் அவர் இறந்த பிறகு 1914-இல் அச்சாயிற்று. கல் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மண் அங்கேயே இருந்தது. பிழை செய்தவர்களின் நோக்கம் சுத்தமா என்று நாம் ஆராய வேண்டியிருக்கவில்லை. திரும்பப் போய்த் தோண்ட இடம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது தேர்வாய் கண்டிகைக்கு வருகிறேன். 'தரிசு', 'புறம்போக்கு' என்று பதிவேட்டில் எழுதிய கணக்குப்பிள்ளையும் யோக்கியராகவே இருந்திருக்கலாம். வரி வராத நிலத்துக்கு அவரிடம் இருந்த சொல் அதுதான். வருவாய்த் துறையின் கன்னி மண். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மரத்தை வெட்டி, மேட்டைச் சமன் செய்து, சுற்றிலும் வேலி போட்ட பிறகு, 'இங்கே மாடு மேய்ந்தது, தண்ணீர் ஓடியது' என்ற பாடபேதத்தை எங்கே போய்ச் சரிபார்ப்பது? பிழையாகவே இருந்தாலும் பிழை என்று நிரூபிக்கும் சான்று முதலில் அழிகிறது. நேர்மையான பிழை என்ற சலுகையை இங்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சந்தேகம் எழுந்த பிறகும், மக்கள் தெருவில் உட்கார்ந்து சொன்ன பிறகும், மறுபடி அளந்து பார்க்காமல் புல்டோசரை அனுப்பினால் அதற்கு வேறு பெயர்.

ஊர்ச் சங்கமும் நில உரிமை அமைப்பினரும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனங்களோடும் தொழிற்சங்கத்தோடும் சேர்ந்து 2012-இல் பிரான்ஸ் வரை போய் முறையிட்டார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை நெறிகளைக் கவனிக்கும் அந்நாட்டு அலுவலகம் விசாரித்தது. விசாரணை போன விதத்தில் அதிருப்தியுற்று 2013-இல் முறையிட்டவர்களே விலகிக்கொண்டார்கள்.

அங்கிருந்து வந்த ஒரு பெரியவரிடம் அத்திரம்பாக்கம் கதையைச் சொன்னேன். பதினைந்து லட்சம் வருஷம் என்றதும் சிரித்தார். 'அத்தன வருசத்தக் கண்டுபிடிச்சவங்க, எங்க ஆடு மேஞ்சத மட்டும் எப்படிப்பா பாக்காம போயிட்டாங்க?' தோண்டியவர்கள் வேறு, அளந்தவர்கள் வேறு என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.