வலை யாருக்கு வில்லன்?

2006இல் அமெரிக்க, தென்கொரியக் கூட்டுத் தயாரிப்பாக வெளிவந்த ‘த ரீஃப்’ என்னும் சிறுவர் அசைவூட்டப் படத்தைப் பார்த்தோரிற் பலர், ‘ஃபைண்டிங் நீமோ’வின் மலிவுப் பிரதி என்றே அதைச் சலித்துக்கொண்டனர். 2003இல் வந்த நீமோவுக்கோ 9 கோடி 40 இலட்சம் டொலர் செலவு. ஒப்பீடே அநியாயம்.

என்னை உறுத்தியது வேறு. படத்தின் தொடக்கத்திலேயே நாயகனான சிறு மீனின் தாய்தந்தையர் வலையில் அகப்பட்டுப்போகின்றனர். வலைதான் அங்கே முதல் வில்லன். முல்லைத்தீவுக் கரையிலோ வலைதான் சோறு. அங்குள்ள பிள்ளை இப்படத்தைப் பார்த்து யாருக்காக அழுதிருக்கும்?

கேட்டறியும் காலமாக அது இருக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வன்னிக்குத் தடைப்பொருள். படம் பார்ப்பதென்றால் ஜெனரேற்றரும் அதற்கு எரிபொருளும் தேட வேண்டும். 2002இன் போர்நிறுத்தத்தோடு தடை தளர்ந்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரை அழித்தது. தாய்தந்தையரைக் கொண்டுபோனது அங்கே வலையன்று, கடல். அந்தப் படம் வந்த ஆண்டின் ஓகஸ்டிலேயே ஏ9 பாதையும் மூடப்பட்டது. பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள்.

அன்றைய சிறுவர்களில் எஞ்சியோர் இன்று முப்பதை ஒட்டிய வயதினர். அவர்களில் எவரேனும் இப்படத்தைப் பார்த்திருந்தால், அந்த வலைக் காட்சியில் என்ன நினைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.