கூட்டம் ஏறினால் அணைகிற பெட்டி

கோட்டாறு கம்போளத்தில் மாமா ஒருவர் கடை வைத்திருக்கிறார். சவேரியார் கோவில் திருவிழா நாட்களில் அவர் கடை ரவுட்டர் தானாக அணைந்து தானாக எரியும். "பகல்ல ஒண்ணும் இல்ல மக்கா, ராத்திரி கூட்டம் ஏறினா பேய் புடிச்ச மாதிரி பண்ணுது" என்பார். அடாப்டரை அளந்தேன். 12 வோல்ட், சுத்தமாக இருந்தது. ரவுட்டர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு வந்தேன்.

இதே புகார் 1990 ஜனவரி 15, திங்கட்கிழமை மதியம் அமெரிக்காவில் எழுந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நியூயார்க் இணைப்பகம் ஒன்று சின்னக் கோளாறுக்காகத் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. நாலைந்து விநாடி வேலை, அவ்வளவுதான். திரும்பி வந்ததும் காத்திருந்த அழைப்புகளைப் பக்கத்து இணைப்பகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. 'அவன் எழுந்துவிட்டான்' என்று அவை தங்கள் குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே, நூறில் ஒரு விநாடிக்குள் இரண்டாவது செய்தி வந்து விழுந்தால், தகவல் குழம்பியது. குழம்பியதும் அதுவும் ரீசெட். அது எழுந்தபோது அதன் பக்கத்திலிருந்தது விழுந்தது. இப்படி 114 இணைப்பகங்கள், சுமார் ஒன்பது மணி நேரம், ஒன்றையொன்று எழுப்பி எழுப்பியே சாய்த்தன.

காரணம், 1989 டிசம்பரில் ஏற்றிய புது மென்பொருள். சி மொழியில் ஒரே ஒரு 'பிரேக்' இடம் மாறி உட்கார்ந்திருந்தது. எழுதியவர் 'இஃப்' பகுதியிலிருந்து மட்டும் வெளியே வர நினைத்தார். அது 'ஸ்விட்ச்' பகுதி முழுவதையும் தாண்டிக் குதித்துவிட்டது. இரண்டு செய்திகள் அவ்வளவு நெருக்கமாக வர நல்ல போக்குவரத்து வேண்டும். சோதனையில் பிழை தலைகாட்டாததற்கும், ஒரு மாதம் சும்மா கிடந்ததற்கும் அதுதான் காரணம். நாசவேலை என்று ஹேக்கர்கள் மேல் சந்தேகம் போனது தனிக் கதை. பொறியாளர்கள் செய்திகளின் வேகத்தைக் குறைத்தார்கள். சங்கிலி நின்றது. பிறகு பழைய மென்பொருளுக்கே திரும்பினார்கள்.

ரீசெட் என்றாலே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கும்போதும் கணினி பளு தாங்காமல் '1202' என்று அலறி ரீஸ்டார்ட் ஆனது. ஆனால் அது தேவையற்ற வேலைகளை உதறிவிட்டு இறங்கும் வேலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. ஏடி அண்ட் டியில் எழுந்த இயந்திரம் எதையும் உதறவில்லை, நேராகப் பளுவுக்குள் குதித்தது.

இதைப் படித்த பிறகுதான் என் தவறு உறைத்தது. நான் அளந்தது கூட்டம் இல்லாத நேரத்தில்! அடுத்த முறை மாலையில், எல்லா போனும் வைஃபையில் ஏறி பில் போடும் இயந்திரமும் ஓடும்போது மீட்டரை வைத்தேன். வோல்ட் குதித்துக் குதித்து இறங்கியது. குறைந்த மின்னழுத்தத்தில் தப்புக்கணக்குப் போடாமலிருக்க சில்லு தன்னை ரீசெட் செய்துகொள்ளும். அது தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. அடாப்டரைத் திறந்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடந்தது. சூட்டில் வருஷக்கணக்காகக் கிடந்தால் உள்ளே இருக்கும் திரவம் வற்றிப்போகும்.

புது அடாப்டர் போட்டதும் சரியாகிவிட்டது. பழையதை மாமா தூக்கிப்போடவில்லை. சும்மா வைத்து அளந்தால் இப்பவும் 12 வோல்ட் காட்டுகிறது.