சாப்பாட்டில் அடம்பிடிக்கும் நாய்: காரணங்களும் கையாளும் முறைகளும்

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. தட்டில் வைத்ததை மோந்து பார்த்துவிட்டு நாய் நகர்ந்துவிடுகிறது என்பதுதான் அது. வெறும் சோறு வைத்தால் தொடாது. கறிக்குழம்பு ஊற்றினால் நிமிடத்தில் காலி செய்துவிடும். பெரும்பாலும் இது நாமே பழக்கிவிட்ட பழக்கம். ஆனால் உண்ணிக் காய்ச்சல் முதல் வெறிநோய் வரை பல நோய்களிலும் முதலில் தெரிவது தீவனம் எடுக்காமைதான். எனவே, அடமா நோயா என்பதைப் பிரித்தறிந்த பிறகே நடவடிக்கையில் இறங்க வேண்டும்.

அடமா, நோயா? கண்டறிவது எப்படி?

உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறித் துண்டு அல்லது அவித்த முட்டையை நாயின் முன் வையுங்கள்.

• ஆவலாகத் தின்றுவிட்டு, வழக்கமான சோற்றை மட்டும் ஒதுக்கினால் பெரும்பாலும் அது அடம்தான். அத்தகைய நாய் சுறுசுறுப்பாக இருக்கும், தண்ணீர் குடிக்கும், சாணமும் சிறுநீரும் வழக்கம்போல் இருக்கும்.
• தின்ன ஆசைப்பட்டு வாயில் எடுத்து, மெல்ல முடியாமல் கீழே போட்டால் பல், ஈறு அல்லது நாக்கில் புண் இருக்கலாம்.
• தீவனத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கி எச்சில் விழுங்கினால் குமட்டல் இருக்கிறது என்று பொருள்.
• கறியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் சோர்ந்து படுத்திருந்தால் அது நோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தையும் பாருங்கள். ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஈறு இயல்பாகவே கறுப்பாக உள்ள நாய்களுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. மனிதருக்கான அளவை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

எச்சரிக்கை: வாய்க்குள் கைவிடாதீர்கள்

திடீரென்று தீவனம் தின்ன முடியாமல், தாடை தொங்கி, எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்ததும் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து வாய்க்குள் கைவிடுவது வழக்கமாக இருக்கிறது. வெறிநோயிலும் இதே அறிகுறிகள் வரும். நாய் கடிக்க வந்தால்தான் வெறிநோய் என்பதில்லை. ஒடுங்கிக் கிடக்கும் வகையும் உண்டு. நாயைத் தனியாக அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சில் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாய்க்குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஊக்கத் தடுப்பூசியும் போடுவது வீட்டிலுள்ள அனைவருக்கும் பாதுகாப்பு.

தோட்டத்து நாய்களுக்கு வரும் பிரச்னைகள்

உண்ணிக் காய்ச்சல்: பட்டியிலும் புதரிலும் திரியும் நாய்க்கு உண்ணி ஏறுவது எளிது. அவை பரப்பும் நோயால் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளிறுதல், மூக்கில் ரத்தம், அடர்நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றும். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் வாரம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எலி மருந்து: களத்திலும் குடோனிலும் வைக்கும் எலி மருந்தையோ, அதைத் தின்று செத்த எலியையோ நாய் தின்றுவிடலாம். சில வகை மருந்துகளில் ரத்தக்கசிவு சில நாட்கள் கழித்தே வெளியே தெரியும். சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரால் பரவும். மஞ்சள் காமாலை, வாந்தி ஆகியவை இருக்கும். மனிதருக்கும் தொற்றும் என்பதால் சிறுநீரை வெறுங்கையால் தொடக் கூடாது.

குடற்புழு: வயிறு உப்பி, முடி பொலிவிழந்து, தீவனத்தில் நாட்டம் குறையும். குட்டிகளுக்கு 2 வார வயதில் தொடங்கி, 12 வாரம் வரை 2 வாரத்துக்கு ஒருமுறை புழு நீக்க வேண்டும். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறையும், அதன்பின் 3 மாதத்துக்கு ஒருமுறையும் போதும்.

பயப்படத் தேவையில்லாத காரணங்கள்

கோடையில் நாய்கள் குறைவாகவே தின்னும். அப்போது வெயில் ஏறுமுன் காலையிலும், பொழுது சாய்ந்த பின்னும் தீவனம் வையுங்கள். தடுப்பூசி போட்ட மறுநாளும், 4 முதல் 6 மாதக் குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும்போதும் தீவனம் குறையலாம். அக்கம்பக்கத்தில் பெண் நாய் பருவத்துக்கு வந்திருந்தால் ஆண் நாய் சோற்றை மறந்து அலையும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் இயல்பிலேயே ஒல்லியான உடல்வாகு கொண்டவை. கடைசி ஓரிரு விலா எலும்புகள் தெரிவதைப் பார்த்து, சாப்பிடவில்லையே என்று கவலைப்பட்டு வற்புறுத்தி ஊட்ட வேண்டியதில்லை. எந்த இனமானாலும் விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். அப்படி இருந்து, எடையும் குறையாமல் இருந்தால் நாய் தனக்குத் தேவையானதைத் தின்கிறது என்றுதான் அர்த்தம்.

அடத்தை மாற்றும் வழிமுறை

1. இடைத்தீனியை நிறுத்துங்கள். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 25 கலோரி இருக்கிறது. 5 கிலோ எடையுள்ள சிறிய நாயின் ஒருநாள் தேவை சுமார் 370 கலோரிதான். வீட்டில் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் போட்டால் பாதி வயிறு அதிலேயே நிறைந்துவிடும். இடைத்தீனி மொத்தத் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

2. நேரத்தை நிலைப்படுத்துங்கள். வளர்ந்த நாய்க்கு நாள்தோறும் இரண்டு வேளை, ஒரே நேரம், ஒரே இடம். 3 மாதம் வரையான குட்டிக்கு நான்கு வேளையும், 6 மாதம் வரை மூன்று வேளையும் வைக்க வேண்டும்.

3. 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தின்றாலும் தின்னாவிட்டாலும் அடுத்த வேளை வரை வேறெதுவும் தரக் கூடாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஓரிரு வேளை தவறவிட்டுப் பிறகு தின்னத் தொடங்கிவிடும். ஒரு முழு நாள் கடந்தும் எதுவும் தின்னவில்லை என்றால் இந்த முறையைக் கைவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. கெஞ்சி ஊட்டாதீர்கள். ஒதுக்கினால் இதைவிட ருசியானது வரும் என்பதை நாய் மிக விரைவில் கற்றுக்கொள்ளும். வீட்டில் ஒருவர் கண்டிப்பாக இருந்து, இன்னொருவர் மறைவாக முறுக்குப் போட்டால் எந்த முறையும் பலிக்காது.

5. தட்டையும் இடத்தையும் கவனியுங்கள். எறும்பு மொய்த்த சோற்றையும் புளித்த சோற்றையும் நாய் ஒதுக்குவது அடமாகாது. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே தீவனப் பாத்திரத்தை வைத்தால் எறும்பு ஏறாது. கோழியும் வேறு நாய்களும் வந்து இழுக்கும் இடத்தில் பயந்த சுபாவமுள்ள நாய் தின்னாது. அதற்குத் தனி இடம் கொடுங்கள்.

6. தீவனத்தை மெதுவாக மாற்றுங்கள். புதிய தீவனத்தைக் கால் பங்கில் தொடங்கி, 7 முதல் 10 நாட்களில் முழுமையாக்குங்கள். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் மணம் எழும்பி ஆவலைத் தூண்டும்.

பட்டினி முறை யாருக்குப் பொருந்தாது?

குட்டிகள், மிகச் சிறிய இன நாய்கள், சினையாக உள்ளவை, பாலூட்டுபவை, முதிய நாய்கள், சர்க்கரை நோய் உள்ளவை ஆகியவற்றைக் காக்க வைக்கக் கூடாது. குட்டி இரண்டு வேளை தொடர்ந்து தின்னாவிட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்தால் அது பார்வோ நோயாக இருக்கலாம். ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறித்துவிடும்.

ருசிக்காக எதைச் சேர்க்கக் கூடாது?

நாய் தின்னட்டும் என்று கறிக்குழம்பு ஊற்றுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைப்பதால் அந்தத் தன்மை போய்விடாது. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு ஆகியவையும் ஆகாது. வெறும் பால்சோறு, தயிர்சோறு மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் புரதம் போதாது. பால் குடித்தால் கழிச்சல் ஏற்படும் நாய்களுக்குப் பாலைத் தவிர்த்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாற்றை ஆறவைத்துச் சோற்றில் பிசையலாம்.

20 கிலோ நாய்க்கு ஒருநாள் தீவனம்

125 கிராம் அரிசியில் வடித்த சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 250 கிராம் (வேகவைக்கும் முன் எடை), ஒரு அவித்த முட்டை, வேகவைத்த கேரட் அல்லது பூசணி 100 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். இது ஏறக்குறைய 1,000 கலோரி தரும். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். அரிசிக்குப் பதில் அவ்வப்போது கேழ்வரகுக் களியும் கொடுக்கலாம். இந்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து போதாது. எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கறியைத் தனியாகப் பொறுக்கித் தின்னும் நாய்க்கு, கறியை நன்றாக உதிர்த்துச் சோற்றோடு பிசைந்து வையுங்கள்.

பாரசிட்டமால், புரூபன் போன்ற நம் மாத்திரைகளையும், பசியைத் தூண்டும் டானிக்குகளையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

மருத்துவரிடம் செல்லும்போது நாய் கடைசியாகத் தின்றது எப்போது, என்ன தின்றது, சாணம் எப்படி இருந்தது, தோட்டத்தில் அண்மையில் என்ன மருந்து அடித்தீர்கள், தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இந்த விவரங்கள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.