சின்ன ரெயிலும் பெரிய ரெயிலும்



பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் சற்று அலட்சியமாகவே வழங்கி வருகிறோம். இங்கிலாந்து தேசத்தில் வயது முதிர்ந்த வக்கீல்களும் வைத்தியர்களும் பாதிரிமார்களும், மாலை வேளையில் மேஜையின்மீது தண்டவாளத்தைப் பரப்பி, சாண் நீள எஞ்சினை ஓடவிட்டுக் களிக்கிறார்கள் என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பேரனுக்கு வாங்கிய பொம்மையைத் தாத்தா பிடுங்கிக்கொண்டார் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அந்த மேஜை ரெயிலுக்கு ஒரு வரலாறு உண்டு. நம் திருவள்ளூர் மாவட்டத்து வரலாறு அதனோடு வந்து கைகோக்கும் இடங்களும் சில உண்டு. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், மாதிரி என்பது என்ன? நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுவின் அடியில் மணல் பரப்பி, கடுகு விதைத்து முளைக்கவிட்டு, அதன் நடுவே ஒரு தகர ரெயிலை நிறுத்திப் பூங்கா அமைப்பார்கள். கோடையில் பிள்ளைகள் நுங்கு தின்ற கூந்தல்கள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து வண்டி உருட்டுவார்கள். இரண்டும் அழகானவையே. ஆயினும் அவை வண்டியை நினைவூட்டுகின்றன, அளந்து காட்டுவதில்லை. அளந்து காட்டுவதே மாதிரி. மூலப் பொருளில் ஓர் அடி இங்கே இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு விகிதத்தை வகுத்துக்கொண்டு, சக்கரம் முதல் கைகாட்டி வரை எல்லாவற்றையும் அதற்கு உட்படுத்துவது அதன் இலக்கணம்.

பிரிட்டனில் இக்கலை வளர்ந்த கதை சுருக்கமானது. லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி என்பவர், துளையிட்ட தகட்டுத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் செய்யும் விளையாட்டுக் கருவிக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்று பெயர் பெற்றது. 1920-இல் அவருடைய கம்பெனி சாவி கொடுத்து ஓட்டும் ரெயில்களை விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பே நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் என்பவர் பெரியவர்களுக்காகவே நுட்பமான மாதிரிகளைச் செய்துவந்தார். லண்டனில் மாதிரி ரெயில் சங்கம் ஒன்று 1910-இலேயே அமைந்துவிட்டது. நம் நாட்டிலும் அவ்வாசை இல்லாமலில்லை. குவாலியர் அரண்மனையில் விருந்து மேஜைமீது ஓடிய வெள்ளி ரெயில் புகழ் பெற்றது; விருந்தினருக்கு வேண்டிய பானங்களைச் சுமந்துகொண்டு அது மேஜையைச் சுற்றிவரும். அது மன்னர்களின் விளையாட்டு. பூனா நகரில் ஜோஷி என்பவர் அமைத்து 1998-இல் திறந்துவைத்த சிற்றுருவ ரெயில் காட்சியகமே நாமெல்லாம் கட்டணம் கொடுத்துப் பார்க்கக் கூடியது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

இந்தியாவின் முதற் பிரயாணி ரெயில் 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1837-இல், நம் செங்குன்றத்தில் இருப்புப் பாதை இருந்தது. அது பிரயாணிகளுக்காகப் போடப்பட்டதன்று. சென்னைச் சாலைகளுக்கு வேண்டிய கல்லைச் சுமப்பதற்காகப் போடப்பட்டது. அதற்கு மூலகாரணமாக இருந்தவர் ஆர்தர் காட்டன். ஆம், கொள்ளிடத்திலும் பின்னர் கோதாவரியிலும் அணை கட்டிய அதே காட்டன்தான். நீராவி யந்திரம் ஒன்றும் அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. பெரும்பாலும் மாடுகளே வண்டிகளை இழுத்தன. சில ஆண்டுகளில் அந்தப் பாதை கைவிடப்பட்டது.

இந்தப் பாதைக்கு முந்திய ஆண்டில் நடந்ததுதான் நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. 1836-இல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தின் அருகே ஒரு சிறு துண்டு இருப்புப் பாதையைப் போட்டார்கள். அது எந்த ஊருக்கும் போகவில்லை. எந்தச் சரக்கையும் கொண்டு சேர்க்கவில்லை. தண்டவாளத்தின்மீது ஏற்றிய பாரம் எவ்வளவு சிறிய முயற்சியால் நகர்கிறது என்பதை நகரத்தார் கண்ணால் காண்பதற்காகப் போடப்பட்டது. மேடு பள்ளமான மண் சாலையில் இரண்டு மாடுகள் மூச்சுத் திணற இழுக்கும் வண்டியையே நாள்தோறும் கண்டவர்களுக்கு அது என்ன வியப்பாக இருந்திருக்கும்! இரும்புமீது இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு என்று பௌதிகப் பாடத்தில் ஒரு வாக்கியமாக எழுதிவிடலாம். வாக்கியத்தைக் கேட்டுச் சர்க்கார் பணம் கொடுக்காது. கண்டால் கொடுக்கும். ஆகவே இந்நாட்டில் பெரிய ரெயிலுக்கு முன்னால் சின்ன ரெயில் வந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. இன்றும் ரெயில்வே பயிற்சிப் பள்ளிகளில் மாதிரி அறை ஒன்று இருக்கும். சிறு தண்டவாளத்தையும் சிறு கைகாட்டிகளையும் வைத்துக்கொண்டே நிலைய அதிகாரிகளுக்கு வண்டியை அனுமதிக்கும் முறையைக் கற்பிப்பார்கள். அங்கே செய்த பிழையால் யாரும் சாவதில்லை.

இப்போது நம் மாவட்டத்து ரெயில் ஒன்றையே மாதிரியாகச் செய்ய முற்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எதைச் செய்யலாம்? 1856 ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதற் பிரயாணிப் பாதை திறக்கப்பட்டது. திறப்பு விழா வண்டியில் ஆளுநர் ஹாரிஸ் பிரபுவும் ஏறத்தாழ 300 ஐரோப்பியரும் சென்றார்கள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அன்றே இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வரை மற்றொரு வண்டியும் ஓடியது என்பதைச் சில புத்தகங்களே சொல்லும், அதுவும் ஒரே வரியில். நான் அந்த இரண்டாவது வண்டியையே தேர்ந்தெடுப்பேன்.

செய்யத் தொடங்கிய உடனே கேள்விகள் எழும். பெட்டிகள் எப்படிப்பட்டவை? விழாவுக்கு வேண்டிய பெட்டிகளைச் செய்தவர்கள் சென்னையிலிருந்த சிம்ப்சன் கம்பெனியார். குதிரை வண்டி கட்டிப் பழகியவர்கள். ஆகவே பெட்டியின் அமைப்பில் கோச்சு வண்டியின் சாயல் இருந்ததா? கதவு எந்தப் பக்கம்? படி எத்தனை? அமாவாசைக்கு வீரராகவப் பெருமாளைச் சேவிக்க நடந்தும் மாட்டு வண்டியிலும் போய்க்கொண்டிருந்த மக்களில் எவர் முதலில் ஏறத் துணிந்தார்கள்? பரீட்சைக்காகப் படிப்பவன் 1856 என்ற எண்ணை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடலாம். மாதிரி செய்பவன் அப்படிப் போக முடியாது. கதவை எங்கேயாவது வைத்தே தீரவேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையால் ரெயில் செய்து, புகைபோக்கியில் பஞ்சைச் சொருகிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். "தம்பி, இந்த எஞ்சினுக்கு எத்தனை சக்கரம்? ஏன் நடுச்சக்கரம் பெரிது?" என்று கேட்டால் விழிப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டு அதே பிள்ளை நூலகத்திலிருந்து படம் பார்த்து எழுதிக்கொண்டு வருவான்.

அடுத்த கேள்வி அகலம். இதில் வேடிக்கையான ஒரு கணக்கு இருக்கிறது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் மிகுதியாக வழங்கும் மாதிரி அளவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அங்கே தண்டவாளத்தின் உண்மையான இடைவெளி 4 அடி 8½ அங்குலம். மாதிரியில் அது ஏறத்தாழ 18.8 மில்லிமீட்டர் வரவேண்டும். ஆனால் கடையில் விற்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். என்ன காரணம்? முதலில் சிறிய விகிதத்தில் செய்யப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் எஞ்சின் உடல் ஒடுங்கியது. அந்நாளைய மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஒட்டு வேலை இன்றுவரை நீடிக்கிறது. இதைப் பொறுக்காத நுட்பக்காரர்கள் தாங்களே சரியான அகலத்தில் தண்டவாளம் இழைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

நமக்கோ நிலைமை இன்னும் விபரீதம். நம் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். நாலால் பெருக்கினால் சரியாக 22 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கடைத் தண்டவாளத்தின்மேல் திருவள்ளூர் வண்டியை ஏற்றினால், அது 4 அடி 1½ அங்குலப் பாதையில் நிற்பதாக ஆகும். தடித்த மனிதர் ஒருவர் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் இருக்கும். அயல்நாட்டுப் பெட்டியைப் பிரித்து மாட்டினால் அவர்களுடைய ரெயில் கிடைக்கும், நம்முடையது கிடைக்காது. நம்முடையது வேண்டுமானால் 22 மில்லிமீட்டரை நாமேதான் அளந்து ஆணி அடிக்கவேண்டும். விலையுயர்ந்த பெட்டியைவிட அட்டையும் மூங்கில் சிம்பும் அடிக்கோலும் மேல் என்று நான் சொல்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று.

மற்றொரு கணக்கு. சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். இவ்வளவில் அதைச் செய்தால் 550 மீட்டருக்கு மேல் வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்து மைதானமும் போதாது. ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கவேண்டும். இராயபுரத்து நிலையத்தின் தூண் வரிசையை வைத்துக்கொண்டு, நடுவில் ஏரிக்கரை ஒன்றைக் காட்டி, உடனே திருவள்ளூரைக் கொண்டுவந்துவிடலாம். சரித்திர நூல் எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒப்புக்கொள்வதில்லை.

இதுவரை சொன்னது கைப்பிடி அளவு ரெயில். முழு அளவிலேயே இந்த வேலையைச் செய்து காட்டிய கைகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனியார் கட்டிக் கப்பலேற்றிய நீராவி எஞ்சின் ஒன்று, கிழக்கிந்திய ரெயில்வேயில் 21 என்ற எண்ணோடு உழைத்து, 1909-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ பணிமனையார் பழுதுபார்த்து உயிரூட்டினார்கள். 2010 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அது சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி வரை தன் சொந்த நீராவியில் ஓடியது. அதன் உடன்பிறப்பான 22-ஆம் எண் எஞ்சினுக்கு ஃபேரி குவீன் என்று பெயர். 2011-இல் டில்லியில் திருடர்கள் அதன் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதையும் பெரம்பூரில்தான் மீண்டும் ஓடச் செய்தார்கள். லீட்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பாகம் தருவிக்க வழியில்லை. இருப்பதை அளந்து, இல்லாததை ஊகித்து, வார்த்து, கடைந்து, பூட்டிப் பார்க்கவேண்டியிருந்தது. பிரிட்டனில் 1951-இல் வேல்ஸ் நாட்டுத் தாலிலின் என்னும் சிற்றிருப்புப் பாதையைத் தொண்டர்களே ஏற்று நடத்தத் தொடங்கியபோது, உலகமே வியந்து பேசியது. பெரம்பூர்த் தொழிலாளரைப் பற்றி நாம் அவ்வளவு பேசவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நாள்தோறும் மின்சார ரெயிலில் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் வார்ப்படம் தெரிந்தவர்கள் உண்டு, கடைசல் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: நீராவி எஞ்சின் வேலை. அகலப் பாதையில் நாள்தோறும் ஓடிய நீராவி வண்டிகள் 1995-ஓடு முடிந்துவிட்டன. அந்த எஞ்சின்களில் கரி அள்ளிப் போட்டவர்களும் வால்வு திருத்தியவர்களும் இன்று முதியவர்கள். பெரம்பூரிலும் அரக்கோணத்திலும் ஆவடியிலும் தெருவுக்கு ஒருவராவது இருக்கலாம். அவர்களிடம் உள்ள அறிவில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஆகவே உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகமும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு போங்கள். "ஐயா, உங்கள் அனுபவம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள்; அவர் என்ன சொல்வார், பாவம். கரி அள்ளும் மண்வெட்டியின் காம்பு எவ்வளவு நீளம், தணற்பெட்டியின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கொதிகலனில் தண்ணீர் எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பயப்படவேண்டும், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கினால் மணலை எங்கிருந்து விடுவார்கள் என்று கேளுங்கள். அவர் எழுந்து நின்று, கையால் அளவு காட்டிக்கொண்டே பேசத் தொடங்குவார். அந்த அளவை உடனே எழுதிக்கொள்ளுங்கள்.