தட்டைப் பாய் வென்ற கோப்பை

பாய்ப் படகு எந்தத் திசையில் நன்றாகச் செல்லும் என்று வகுப்பில் கேட்டால், காற்று தள்ளும் திசையில்தான் என்று பெரும்பாலான மாணவர்கள் விடை கூறுவர். பாய் என்பது காற்றைப் பிடிக்கும் ஒரு பை என்ற எண்ணமே இதற்குக் காரணம். கடலோடுவதில் கைதேர்ந்த பிரிட்டிஷாரும் ஒரு காலத்தில் ஏறத்தாழ இவ்வாறே எண்ணிப் பாய் தைத்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஒரு வெள்ளிக் கோப்பை.

1851 ஆம் ஆண்டு லண்டனில் மாபெரும் உலகப் பொருட்காட்சி நடந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் 'அமெரிக்கா' என்னும் பாய்க்கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. இரண்டு பாய்மரங்களும் சுமார் 101 அடி நீளமும் கொண்ட அக்கப்பலை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஸ்டியர்ஸ். நியூயார்க் படகுக் கழகத்தின் தலைவர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்சும் அவருடைய நண்பர்களும் அதன் உரிமையாளர்கள். அட்லாண்டிக்கைக் கடந்து வந்த கப்பல் நேராக இங்கிலாந்துக்குச் செல்லவில்லை. பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சுமார் மூன்று வாரம் தங்கி, வண்ணம் பூசப்பெற்று, பந்தயத்துக்கு ஏற்றவாறு செப்பனிடப்பட்டது. கச்சேரிக்கு முன் வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை அது.

இங்கிலாந்தின் கரையோரம் வந்தபோது, லாவெராக் என்ற பிரிட்டிஷ் படகு அதனுடன் ஓடிப் பார்த்துத் தோற்றது. செய்தி பரவியதும், பணம் கட்டிப் போட்டியிடப் பலரும் தயங்கினர்!

பையா, இறக்கையா?

பிரிட்டிஷ் படகுகளின் பாய்கள் ஆளிநாரால் கையால் நெய்யப்பட்டவை. அவை காற்றில் இழுபட்டுப் பை போல உப்பின. நெசவின் துளைகளை அடைப்பதற்காக மாலுமிகள் பாய்மீது நீரை வாரி இறைப்பதும் உண்டு. 'அமெரிக்கா'வின் பாய்களோ இயந்திரத்தில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் ஆனவை; அதிகம் உப்பாமல் தட்டையாக நின்றன.

காற்று பின்னாலிருந்து வீசும்போது பையும் பயன்படும். காற்றை எதிர்த்துச் செல்லும்போதுதான் வேறுபாடு தெரியும். எந்தப் பாய்ப் படகும் காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல இயலாது. காற்றுக்குச் சுமார் 45 பாகை சாய்வாக, வலமும் இடமுமாக மாறி மாறித்தான் முன்னேறும். அப்போது பாய், பறவையின் இறக்கையைப் போலக் காற்றைத் திசை திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்றும் பாயைத் தள்ளுகிறது. இவ்விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளும். சிறு பகுதியே முன்னால் செலுத்தும். படகின் அடியில் நீளவாக்கில் அமைந்த 'ஏரா' என்ற பகுதி, நீரில் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. விரல்களுக்கிடையே அழுத்திய ஈரப் புளியங்கொட்டை துள்ளி ஓடுவது போலப் படகு முன்னேறுகிறது.

பாயின் வயிறு பெருத்துப் பின்னால் நகர்ந்துவிட்டால், விசையின் திசையும் பின்னால் சாயும். முன்செலுத்தும் சிறு பகுதியும் குறைந்து படகு ஒருபுறம் சாய்வதே மிஞ்சும். பிரிட்டிஷ் படகுகளின் குறை இதுவே.

ஆகஸ்டு 22 ஆம் நாள் வைட் தீவைச் சுற்றி 53 கடல் மைல் பந்தயம் நடந்தது. நங்கூரம் எடுப்பதில் தடங்கல் ஏற்பட்டு, 'அமெரிக்கா' கடைசியாகவே புறப்பட்டது. ஆயினும் மாலையில் முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்த அரோரா மிகச் சிறிய படகு. ஆகவே கப்பலின் பருமனும் வெற்றிக்கு ஓரளவு துணைசெய்தது எனலாம். ஆனால் தோற்றவர்கள் தங்கள் பாய்களையும் மாற்றிக்கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சுருதி கூட்டும் கலை

வார இறுதிப் பந்தயத்துக்கு ஆயத்தமாகும் படகுக் குழுவினர் இன்றும் இதே வேலையைத்தான் செய்கின்றனர். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை முறுக்குவர் அல்லது தளர்த்துவர். பலத்த காற்றுக்குப் பாயைத் தட்டையாக்குவர். மென்காற்றில் சற்று வயிறு விடுவர். பாயின் விசை ஏராவின் தடைக்கு வெகுவாகப் பின்னால் அமைந்தால், படகின் மூக்கு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைச் சுக்கானால் தடுத்தால், சுக்கானே ஒரு முட்டுக்கட்டையாகும். எனவே பாய்மரத்தின் சாய்வையும் சரிசெய்வர். பாய்க்கும் ஏராவுக்கும் இடையே சமன் காண்பதே இக்கலையின் சாரம்.

வென்ற கோப்பை 1857 இல் நியூயார்க் கழகத்துக்கு அளிக்கப்பட்டு, 'அமெரிக்கா கோப்பை' எனப் பெயர் பெற்றது. 132 ஆண்டுகள் அதை யாராலும் அசைக்க முடியவில்லை. 1983 இல் 'ஆஸ்திரேலியா II' என்ற படகு போட்டிக்கு வந்தது. பென் லெக்சன் வடிவமைத்த அப்படகின் அடிப்புறம் எந்நேரமும் திரையால் மறைக்கப்பட்டிருந்தது. மாதிரிப் படகுகளை நெதர்லாந்தின் நீர்த்தொட்டியில் சோதித்து உருவாக்கிய அதன் ஏராவின் அடியில் இரு சிறகுகள் இருந்தன! எடை தாழ்வாக அமைந்ததால் படகு குறைவாகச் சாய்ந்தது. ஏராவின் நுனியில் எழும் நீர்ச்சுழலும் குறைந்தது. 3-1 எனப் பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியர், செப்டம்பர் 26 அன்று ஏழாவது பந்தயத்தை 41 வினாடி வேறுபாட்டில் வென்று கோப்பையைக் கைப்பற்றினர்.

1851 இல் நீருக்கு மேலே புதுமை செய்தவர்கள், 1983 இல் நீருக்கு அடியில் நிகழ்ந்த புதுமையிடம் தோற்றனர். பிரிட்டனோ 2024 இல் பார்சிலோனாவில் நடந்த இறுதிப் போட்டி வரை முயன்றும் கோப்பையை மீட்கவில்லை. காற்று அனைவருக்கும் பொதுவே. பழகிய பாயைச் சந்தேகித்துப் பார்க்கத் துணிந்தவர்களுக்கே அது கைகொடுத்தது.