புழுக்கம்

காற்றில் ஈரம் மிகுந்து, அசைவு குறைந்து, வியர்வை உலராமல் உடலில் தங்கும்போது உணரப்படும் வெப்பம் புழுக்கம் எனப்படும். இதற்கு வெயில் வேண்டியதில்லை. மழைக்கு முந்தைய இரவில்தான் இது அதிகம்.

சொல் பிறந்தது அடுப்படியில். கலங்கு, கலக்கு, கலக்கம் என்பதுபோல புழுங்கு, புழுக்கு, புழுக்கம். அவித்த உணவுக்குப் பழந்தமிழில் புழுக்கு என்று பெயர். மலையாளத்தில் கப்பைப் (மரவள்ளிக்கிழங்குப்) புழுக்கு இன்றும் அதே பொருளில் வழங்குகிறது. தமிழில் எஞ்சியிருப்பது புழுங்கல் அரிசி. திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்திய பிறகே அரைக்கிறார்கள். அவியும்போது மாவுச்சத்து இளகிப் பின் இறுகுவதால் அரிசி அதிகம் நொறுங்குவதில்லை. அவித்த நெல்லைக் கொட்டும்போது பச்சை வாடையோடு ஆவி குப்பென்று முகத்தில் அடிக்கும். புழுக்கம் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல உரை கிடையாது.

எல்லாச் சூடும் புழுக்கம் ஆகாது. மாவட்டத்தின் மேற்கே, கடலுக்கு எட்டாத திருத்தணியில் மே மாதம் அடிப்பது காந்தும் வெயில். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கும் உலைகளில் பழைய இரும்பு சுமார் 1,500 டிகிரி செல்சியசில் உருகும். உலைவாயருகே முகத்தில் படுவது அனல். தகரக் கூரைக்கடியில் தேங்கிக் கிடப்பது வெக்கை. பழவேற்காட்டுப் பக்கம் கடற்காற்று நின்றுபோனால் வருவதே புழுக்கம். சென்னைப் பேச்சில் இதை வேக்காடு என்பார்கள். அதுவும் சமையல் சொல்தான்.

வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தப்படும், உடல் குளிராது. அதனால் ஈரமான 35 டிகிரி, வறண்ட 40 டிகிரியைவிடக் கொடுமையாக இருக்கக்கூடும். குமிழில் ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழ் வெப்பமானியே 35 டிகிரி காட்டினால், நல்ல உடல்நலம் உள்ளவரும் நிழலில் பல மணி நேரம் தாங்க இயலாது என்பது அறிவியல் கணக்கு.

ஆங்கிலத்தில் புழுக்கத்துக்கு நெருக்கமான சொல் ‘ஸ்வெல்டரிங்’. அதன் மூலம் பழைய ஆங்கிலத்தில் ‘சாதல்’ என்று பொருள்படும் ஒரு வினை. பின்னர் அது வெப்பத்தால் மயங்கி விழுவதைக் குறிக்கலாயிற்று. ‘சல்ட்ரி’யும் அந்த வேரில் கிளைத்ததே. ‘டாரிட்’ வேறு வகை: உலர்த்து, வறு என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது, ஆகவே திருத்தணி வெயிலுக்கே பொருந்தும்.

மனத்துக்கும் புழுக்கம் என்ற சொல் ஆகிவந்துள்ளது. பொறாமை, சொல்ல முடியாத வருத்தம், அடக்கிய கோபம் மூன்றும் மனப்புழுக்கம். வாய்விட்டுக் கத்துகிறவரை யாரும் புழுங்குகிறார் என்பதில்லை.